மாடித்தோட்டத் தளம் சிலருக்கு மட்டும் ஏன் உதவாமல் போகிறது? புகாரைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

தமிழில் இயங்கும் தோட்டத் தளங்களையும் விதை விற்கும் சின்னக் கடைகளின் தளங்களையும் சில வருடங்களாகப் பழுது பார்த்துக் கொடுத்து வருகிறேன். பார்வையில்லாதவர், பார்வை மங்கியவர், கை நடுங்குபவர், காது கேளாதவர் என்று யாராவது ஒருவர் "உங்க பக்கத்துல ஒண்ணும் பண்ண முடியல" என்று சொன்ன பிறகுதான் பெரும்பாலும் எனக்கு போன் வரும். போய்ப் பார்த்தால் அதே பழுதுகள்தான், தளம்தான் வேறு. அதனால் புகார் எந்த வார்த்தையில் வருமோ அதையே தலைப்பாக வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ நேராக அங்கே போங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். ஒவ்வொரு தலைப்பிலும் ஐந்து நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில்.

## முதலில் காதால் கேட்டுப் பாருங்கள்

எந்தப் புகாராக இருந்தாலும், புகார் சொன்னவர் கேட்டதை நீங்களும் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் ஆக்சஸிபிலிட்டியில் பார்த்தால், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் இருக்கும். அதைப் போட்டதும் போன் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், வலது பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும். ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அணையும்படி ஒரு குறுக்குவழி அங்கேயே உண்டு, அதை முதலிலேயே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி என்றால் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் (திரையை வாசிக்கும் மென்பொருள்) இலவசம். அதோடு வரும் இஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது. குரல் கரகரவென்று இருக்கும், பழுது கண்டுபிடிக்க அது போதும்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தில் ஒரே ஒரு வேலையை முடிக்கப் பாருங்கள்: வெண்டை விதை எந்த மாதம் போடுவது என்று கண்டுபிடியுங்கள். எங்கே நின்றுவிட்டீர்களோ அதுதான் உங்கள் முதல் பழுது.

## "தமிழை வாசிக்கவே மாட்டேங்குது"

### எண்களும் ஆங்கில வார்த்தைகளும் மட்டும் கேட்கின்றன

அதே போனில் ஏதாவது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து கேளுங்கள். அங்கேயும் தமிழ் வரவில்லை என்றால் பழுது உங்களிடம் இல்லை, போனில் தமிழ்க் குரல் இல்லை. டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது. அங்கே வந்து உங்கள் தளத்தில் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருக்கும். ரீடர் அந்தப் பதிவை நம்பி ஆங்கிலக் குரலைப் போடுகிறது, அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது என்றால் பொது அமைப்புகளில் தள மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். மாற்றியும் அப்படியே இருந்தால், தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்பு) எழுதியவர் ஆங்கிலம் என்று கோப்பில் கையாலேயே எழுதி வைத்துவிட்டார் என்று அர்த்தம். பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் மேலே எச்டிஎம்எல் என்று தொடங்கும் வரியில் லாங் என்ற பண்பு இருக்கும். அதன் மதிப்பு தமிழுக்கான குறியான டி, ஏ (ta) என்ற இரண்டு எழுத்தில் தொடங்க வேண்டும். திருத்த வேண்டியது ஒரு வார்த்தைதான். நான் செய்த திருத்தங்களிலேயே ஒரே நிமிடத்தில் அதிகம் பேருக்குப் பலன் தந்தது இதுதான்.

### ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது

இது பழைய கட்டுரைகளில் வரும். பாமினி மாதிரி எழுத்துருவில் அந்தக் காலத்தில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "தோட்டம்" என்ற தலைப்பை ரீடர் "என், ஜே, எச், எல், செமிகோலன், எல், கே, செமிகோலன்" என்று வாசிப்பதை நானே கேட்டிருக்கிறேன். சோதனை சுலபம்: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோட் (எல்லாக் கருவிக்கும் புரியும் எழுத்துமுறை), புரியாத ஆங்கிலமாக விழுந்தால் பழைய எழுத்துரு.

பத்து இருபது கட்டுரை என்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, ஒருமுறை படித்துப் பார்த்து, மறுபடி ஏற்றுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்து, அதிலும் யூனிகோடும் பாமினியும் கலந்து கிடந்தால் நீங்களாக மொத்தமாக மாற்றாதீர்கள். கலந்த இடத்தில் மாற்றியை ஓட்டினால் நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இணைப்பு முகவரிகளும் சேர்ந்து தமிழாகி உடைந்துவிடும். இந்த இடத்தில் தரவுத்தளம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவரும் முழுப் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

### ஒரு இடத்தில் மட்டும் மௌனம்

அங்கே இருப்பது எழுத்து இல்லை, எழுத்தின் படம். வாட்ஸ்அப்பில் வந்த "பஞ்சகவ்யா செய்முறை" வண்ண அட்டையைக் கட்டுரைக்குள் அப்படியே போட்டிருப்பீர்கள். அட்டை இருக்கட்டும், அதற்குக் கீழே அதில் உள்ளதை முழுசாகத் தட்டச்சு செய்யுங்கள். முக்கியமாக அளவுகளை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா என்பது அட்டையில் மட்டும் இருந்தால், செய்முறையைக் கேட்டுச் செய்த ஒருவர் கரைக்காமலே செடிக்கு ஊற்றிவிட வாய்ப்பிருக்கிறது.

### வாசிக்கிறது, அளவுதான் புரியவில்லை

"5 மி.லி." என்று எழுதினால் சில குரல்கள் நடுப்புள்ளியில் வாக்கியம் முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். "5 மில்லி" என்று எழுதுங்கள். "10-15 நாள்" என்பதற்குப் பதில் "10 முதல் 15 நாள்". தலைப்புக்கு முன்னும் பின்னும் ஆறு நாற்றுச் சின்னம் போட்டிருந்தால் ஆறு தடவையும் "நாற்று, நாற்று" என்று வாசித்துவிட்டுத்தான் தலைப்புக்கு வரும். ஒன்று போதும், இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

## "படம்னு சொல்லுது, என்ன படம்னு சொல்ல மாட்டேங்குது"

தோட்டத் தளத்தில் பெரிய பழுது இதுதான், என் நேரத்தில் பாதி இதற்கே போகிறது. மதுரைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பார்வை கிடையாது, மாடியில் மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறார். ஒருநாள் போன் செய்தார். "தம்பி, மிளகாய் இலைச் சுருட்டல்னு தலைப்பு வாசிக்குது. அப்புறம் ஐஎம்ஜி நாலாயிரத்து நானூத்தி எழுபத்தொண்ணுங்குது. அப்புறம் மருந்து சொல்லுது. இலை மேல சுருளுதா கீழ சுருளுதா? நான் கையால தடவிப் பாத்துச் சொல்லிடுவேன், அதை யாராவது எழுதுனாத்தானே?"

படத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு இலைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தது, அது இலைப்பேன். மற்றதில் ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கிக் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி, காம்பும் நீண்டு, அது மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு. அந்தக் கட்டுரையின் உயிரே இந்த வித்தியாசம்தான், அது படத்துக்குள் மட்டும் இருந்தது. அக்கா கேட்டது ரொம்ப நியாயம். விரல் நுனியால் அந்த இலையைத் தடவினால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பது கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாகவே தெரியும். நானும் அன்றைக்கு என் வீட்டுச் செடியில் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.

### மாற்று உரைப் பெட்டி காலியாக இருக்கிறது

பெரும்பாலும் இவ்வளவுதான் காரணம். படத்தை ஏற்றும்போது ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு பெட்டி வரும், எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் "மிளகாய் இலை" என்று எழுதினால் பாதி வேலைகூட முடியவில்லை. இந்தப் படத்தை எதற்காகப் போட்டீர்களோ அதை எழுதுங்கள்: "இலைப்பேன் தாக்கிய மிளகாய் இலை, ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு போல் இருக்கிறது." "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், அதை ரீடரே சொல்லிவிடும். கைக்குத் தெரியும் அடையாளம் இருந்தால் அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி என்றால் கிளை பிரியும் இடத்தில் பஞ்சு மாதிரி ஒட்டும் வெள்ளைத் திட்டு. அசுவினி என்றால் இலைக்கு அடியில் கூட்டம், இலை பிசுபிசுப்பு, தண்டில் எறும்பு ஊர்வது.

தானாக விளக்கம் எழுதித் தரும் கருவிகளை நம்பி விட்டுவிடாதீர்கள். "பச்சை இலைகள் கொண்ட செடி" என்று எழுதும். அது தப்பில்லை, ஆனால் செடி வளர்ப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

### எழுதிவிட்டேன், இன்னும் பழையபடியே வாசிக்கிறது

வேர்ட்பிரஸ்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள். ஊடக நூலகத்தில் போய் மாற்று உரையை எழுதினால், ஏற்கெனவே கட்டுரைக்குள் போட்ட படத்துக்கு அது போய்ச் சேராது. இனிமேல் போடும் படத்துக்குத்தான். பழைய கட்டுரையைத் திறந்து, அந்தப் படத்தைத் தேர்ந்து, அங்கேயே எழுத வேண்டும்.

### அழகுக்குப் போட்ட படத்தையும் வாசித்து உயிரை வாங்குகிறது

ஓரத்துக் கொடி, பிரிகோட்டுப் பூ இதற்கெல்லாம் மாற்று உரை வேண்டாம், வெறுமையாக விடுங்கள். ஆனால் வெறுமையான ஆல்ட் வேறு, ஆல்ட்டே இல்லாமல் இருப்பது வேறு. வெறுமையாக இருந்தால் ரீடர் தாண்டிவிடும், பண்பே இல்லை என்றால் பல ரீடர்கள் கோப்புப் பெயரை வாசிக்கத் தொடங்கும். அந்த 4471 அப்படி வந்ததுதான். கடைப் பக்கத்தில் படமே இணைப்பாக இருந்தால் வெறுமையாக விடக்கூடாது, அது எங்கே கூட்டிப்போகும் என்று எழுதுங்கள்: "நாட்டுத் தக்காளி விதை, விலை பார்க்க".

### எழுதவே இடம் இல்லை

முகப்பில் ஓடும் பெரிய படங்கள் சில தீம்களில் பின்னணியாகப் போடப்பட்டிருக்கும், அதற்கு மாற்று உரைப் பெட்டியே கிடையாது. அதன்மேல் முக்கியமான செய்தி இருந்தால் ("ஆடிப்பட்ட விதை வந்துவிட்டது") அதைக் கீழே எழுத்தாகப் போடுங்கள். அதுவும் முடியாத அமைப்பு என்றால் தீம் வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆயிரம் படம் கிடக்கிறதே என்று மலைக்காதீர்கள். பூச்சி, நோய்ப் படங்கள் முதலில். கவாத்து, பதியன், ஒட்டு என்று செய்முறை காட்டும் படங்கள் அடுத்து. பூத்துக் குலுங்கும் செம்பருத்தி எல்லாம் கடைசியில் போதும்.

## "எங்க என்ன இருக்குன்னே தெரியல"

என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். பார்வையில்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது அப்படித்தான். உங்கள் கட்டுரையில் எச் அழுத்தி எங்கும் போகவில்லை என்றால், தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் போட்டிருக்கிறீர்கள். தொகுப்பானில் அந்த வரியைத் தேர்ந்து தலைப்பு 2, அதற்கு உட்பிரிவு என்றால் தலைப்பு 3 என்று மாற்றினால் முடிந்தது. எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவாதீர்கள்.

அடுத்து இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்துங்கள், பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். அதில் "மேலும் படிக்க", "மேலும் படிக்க", "இங்கே சொடுக்கவும்" என்று பன்னிரண்டு வரி இருந்தால் எது எதற்கென்று யாருக்குத் தெரியும்? "மண்புழு உரம் பற்றி மேலும்" என்று எழுதுங்கள். முகப்புப் பக்கத்தில் இது தானாக வருகிறது என்றால் தீமில் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். தெரிந்தவருக்கு அரை மணி வேலை.

## "எழுத்து மங்கலா இருக்கு", "பெரிசாக்க முடியல"

தோட்டத் தளம் என்றாலே பச்சை. வெள்ளைமேல் இளம்பச்சை எழுத்து, இல்லாவிட்டால் இலைப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து. வயதானவர்களும், கண்புரை தொடங்கியவர்களும், வெயிலில் மாடியில் நின்று போனைப் பார்ப்பவர்களும் இதைப் படிக்கவே முடியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும் என்பது டபிள்யூசிஏஜி என்ற, எல்லாரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான உலக நெறிமுறையின் அளவு. குரோமில் எழுத்தின்மேல் வலது சொடுக்கி இன்ஸ்பெக்ட் போனால் நிறத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் காட்டும். வெள்ளையின்மேல் #559955 என்ற பச்சை 3.4 அளவில் நின்றுவிடும், தேறாது. அதே சாயலில் #337733 போட்டால் 5.4 தாண்டிவிடும், பார்வைக்கு இன்னும் தோட்டப் பச்சைதான். #226622 என்றால் 7. சாம்பல் எழுத்து பிடிக்கும் என்றால் வெள்ளையின்மேல் #767676தான் கடைசி எல்லை, அதைவிட வெளிறினால் தேறாது. படத்தின்மேல் எழுத்து என்றால் எழுத்துக்குப் பின்னால் ஒரு கருப்புப் பட்டை போடுங்கள், அதைவிட நல்ல வழி எழுத்தைப் படத்துக்குக் கீழே இறக்குவது.

போனில் இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகவில்லை என்றால் தீமில், பக்கம் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் (viewport) வரியில் யூசர் ஸ்கேலபிள் நோ என்றோ மேக்ஸிமம் ஸ்கேல் 1 என்றோ இருக்கும். அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.

கணினியில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தி 400 சதவீதம் வரை போய்ப் பாருங்கள். எழுத்துகள் கீழே கீழே மடங்கி வர வேண்டும், பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வைக்கக்கூடாது. தமிழில் இங்கே கூடுதலாக ஒரு பழுது வரும்: பொத்தானுக்கு உயரத்தைக் கட்டிப்போட்டிருந்தால் எழுத்து பெரிதாகும்போது மேலே விசிறியும் கீழே உகரக் காலும் வெட்டுப்படும், "கூடையில் சேர்" என்பது என்ன என்றே தெரியாது. உயரத்தை எழுதாமல் உள்ளிடைவெளி மட்டும் கொடுத்தால் பொத்தான் எழுத்தோடு சேர்ந்து வளரும். வரி இடைவெளி ஒன்றரைக்குக் குறையாமல் இருக்கட்டும். இவ்வளவு செய்தும் 400இல் பக்கம் சிதறினால் அது பழைய தீம். ஒட்டுப்போட்டு மாளாது, மாற்றச் சொல்வேன்.

## "பட்ட அட்டவணையில எந்த மாசம் எதுன்னு புரியல"

ஆடிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று காய்கறி வாரியாக ஒரு அட்டவணை எல்லாத் தளத்திலும் இருக்கும். அதிகம் பேர் தேடி வருவதும் அதற்குத்தான்.

நிறம் மட்டும் பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். விதைக்கலாம் என்றால் பச்சைக் கட்டம், கூடாது என்றால் சிவப்புக் கட்டம். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பு, ரீடருக்கோ இரண்டுமே காலிக் கட்டம். போனில் திரையைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நிறத்தை எடுக்க வேண்டாம், கட்டத்துக்குள் "விதை", "வேண்டாம்" என்று ஒரு சொல் போடுங்கள்.

சொல் இருந்தும் புரியவில்லை என்றால் தலைப்புக் கட்டங்கள் தலைப்பு என்று குறிக்கப்படவில்லை. என்விடிஏவில் டி (T) அழுத்தி அட்டவணைக்குப் போய், கன்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் நகர்ந்து பாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் "ஜூலை, விதை" என்று மாதத்தையும், மேலும் கீழும் நகர்ந்தால் "வெண்டை, விதை" என்று பயிரையும் சேர்த்துச் சொன்னால் சரி. வெறும் "விதை, விதை, வேண்டாம்" என்று வந்தால் மேல் வரிசையையும் இடது பக்கத்து வரிசையையும் தலைப்பாக மாற்ற வேண்டும். மேல் வரிசைக்குத் தொகுப்பானிலேயே பொத்தான் இருக்கும், இடது பக்கத்துக்கு நிரலில் கை வைக்க வேண்டிவரும்.

அட்டவணையே படமாக இருக்கிறதா? மறுபடி தட்டச்சுதான், வேறு வழியில்லை. அப்படிச் செய்யும்போது பயிருக்கு ஒரு வரியாக எழுதிவிடலாம் என்பது என் கருத்து: "வெண்டை: ஆடியிலும் தையிலும் விதைக்கலாம்." போனில் படிக்கும் எல்லாருக்குமே அது சுலபம்.

## "மவுஸ் பிடிக்க முடியாது, மெனு திறக்கவே இல்ல"

கை நடுக்கம், பக்கவாதம், மூட்டுவலி இருப்பவர்களிடமிருந்து வரும் புகார். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியவில்லையா? யாரோ அழகுக்காக அவுட்லைன் நன் (outline: none) என்று எழுதி, நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோட்டை அழித்திருக்கிறார்கள். அந்த வரியைத் தேடி நீக்குங்கள். துணை மெனு மவுஸை மேலே கொண்டுபோனால்தான் விரிகிறது என்றால், தாய் மெனுவுக்கு ஒரு தனிப் பக்கம் வைத்து அதில் துணை இணைப்புகளை எழுத்தாகப் போடுங்கள். தற்காலிக வழிதான், ஆனால் இன்றைக்கே வேலை செய்யும். "செய்திமடலில் சேருங்கள்" என்று குதித்து வரும் பெட்டிக்குள் போய் டேப் அடித்து வெளியே வர முடியவில்லை, எஸ்கேப்புக்கும் மூடவில்லை என்றால் அந்தப் பெட்டியையே எடுத்துவிடுங்கள். அதனால் சேர்ந்தவர்களைவிடத் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பொத்தான்கள் விரலுக்கு அகப்படவில்லை என்ற புகாரும் இதோடு சேர்ந்தே வரும். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தது 24க்கு 24 பிக்ஸல் என்கிறது. நடுங்கும் கைக்கு அது போதாது, நான் 44 வைப்பேன். விதைப் பாக்கெட் எண்ணிக்கையைக் கூட்டும் குறைக்கும் அந்தக் குட்டிப் பொத்தான்கள்தான் மோசம். அவற்றோடு எண்ணை நேராகத் தட்டச்சு செய்யும் பெட்டியும் இருக்கட்டும்.

டேப் போகவே மறுக்கும் பொத்தான்கள் இருந்தால் அவை உண்மையான பொத்தான்கள் இல்லை, பொத்தான் மாதிரி வரைந்த பெட்டிகள். ஒன்று இரண்டு என்றால் மாற்றலாம். கடை முழுக்க அப்படி என்றால் நிரலாளர் வேண்டும்.

## "விதை ஆர்டர் பாதியில நின்னுடுது"

பெட்டிக்குள் மங்கலாக "பெயர்", "பின்கோடு" என்று எழுதியிருப்பது பெயர்ப்பலகை ஆகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும், சில ரீடர்கள் அதை வாசிக்கவும் செய்யாது. பெட்டிக்கு மேலே நிரந்தரமாக எழுதி, லேபிள் என்று இணையுங்கள். படிவச் செருகுநிரல்கள் (பிளக்இன்) எல்லாவற்றிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கும்.

தப்பாக நிரப்பினால் பெட்டி சிவப்பாவது மட்டும் போதாது. "பின்கோடு ஆறு இலக்கம் வேண்டும்" என்று எழுத்தில் வர வேண்டும், அனுப்பியதும் ரீடர் நேராக அங்கே போக வேண்டும். வளைந்த எழுத்துகளைப் படித்து எழுதச் சொல்லும் கேப்ச்சா இருந்தால் எடுத்துவிடுங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிப் பெட்டியை வைத்துத் தானியங்கி நிரல்களைப் பிடிக்கும் வழி இருக்கிறது, சின்னக் கடைக்கு அது போதும்.

இவ்வளவும் சரியாகி, பணம் கட்டும் பக்கத்தில் நின்றால் அது உங்கள் கையில் இல்லை. பணம் வாங்கித் தரும் சேவைக்காரருக்கு எழுதுங்கள், எழுதும்போது எந்த போன், எந்த ரீடர், எந்தப் பெட்டியில் நின்றது என்று மூன்றையும் குறிப்பிடுங்கள். அதுவரை "போனில் ஆர்டர் சொல்லலாம்" என்று எண்ணைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். செலவுக்குத் தயங்கும் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது தயவு இல்லை.

## "வீடியோல என்ன பேசுறாங்கன்னு தெரியல"

காது கேளாதவர்களுக்கு வசனம் வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவில் சப்டைட்டில் பகுதியில் தமிழைத் தேர்ந்து நேரத்தோடு தட்டச்சு செய்யலாம், செலவு உங்கள் நேரம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் போகும் பழைய வீடியோக்கள் நிறைய இருந்தால் தட்டச்சுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையில்லாதவர்களுக்கு இதே வீடியோ வேறு விதத்தில் பழுது. "இந்த மாதிரி, இங்க, இப்படி வெட்டுங்க" என்று பேசினால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. "இரண்டாவது கணுவுக்கு அரை அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்க" என்று பேசிப் பழகுங்கள். இதற்கு எந்தச் செருகுநிரலும் கிடையாது, பேசுபவர்தான் மாற வேண்டும்.

தானாக ஓடும் பின்னணி வீடியோ, உதிரும் இலைகள், நகரும் படங்கள் இவை தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் கவனம் சிதறுபவர்களுக்கும் தொல்லை. ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும். ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் "தள்ளுபடி" பட்டை இருந்தால் யோசிக்காமல் இன்றைக்கே எடுங்கள், வலிப்பைத் தூண்டக்கூடியது அது.

## "பிடிஎஃப் கையேடு திறக்குது, வாசிக்கல"

மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்து பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டாக்ஸால் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும், பிழை திருத்த வேண்டியிருக்கும். தேர்வாகிறது, ஆனால் நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து இடம் மாறி விழுகிறது என்றால் ரீடரும் அதையேதான் வாசிக்கும். தமிழ் பிடிஎஃப்களில் இது அடிக்கடி வரும், உள்ளே போய்ச் சரிசெய்வது நிபுணர் வேலை, காசும் ஆகும். அதற்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாது கையேட்டைச் சாதாரண வலைப்பக்கமாகப் போடுவதற்கு.

## "சரி பண்ணினது மறுபடி வருது"

புதுப் படம் ஏற்றுபவருக்குச் சொல்லப்படவில்லை, அதுதான் காரணம். படம் ஏற்றும் எல்லாரிடமும் மாற்று உரை இல்லாமல் பதிவிடக்கூடாது என்று சொல்லுங்கள். தீம் புதுப்பித்த பிறகு மொழிப் பதிவும் அவுட்லைனும் பழையபடி ஆகிவிட்டால், திருத்தத்தைத் தாய்த் தீமிலேயே செய்திருக்கிறீர்கள். உங்கள் திருத்தங்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளும் சேய்த் தீம் ஒன்று வைத்து அதில் செய்ய வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் "ஒரு வரி நிரல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னத்தை விற்க வருவார்கள். வாங்காதீர்கள். அந்தச் செருகுநிரலுக்கு உங்கள் மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருண்டது என்று தெரியாது. சில சமயம் பார்வையற்றவர் ஏற்கெனவே பயன்படுத்தும் ரீடரோடு மோதவும் செய்யும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இப்படி வாக்குக் கொடுத்து விற்ற ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தாப் பணத்தை, ஸ்க்ரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்தும் ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் அவர் தரும் பட்டியல் எந்தக் கருவியும் தராதது. இலவசமாகக் கேட்காதீர்கள், அது அவர் வேலை.

நான் பார்த்துக்கொள்ளும் தளங்களில் ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், கூட்டம் வரத் தொடங்கும் முன், கண்ணை மூடிக்கொண்டு அந்த வெண்டை விதைச் சோதனையை, விதை வாங்குவது வரைக்கும், மறுபடி செய்கிறேன். போன வருடம் கூடையில் சேர் பொத்தானில் நின்றது.